ஒரே தையல், இரண்டு சம்பளம்

உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பக்கத்தை முடித்த பிறகும் அதே பதில்தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர். ஒரே படிப்பு, ஒரே தேர்வு, ஒரே அனுபவம். ஒருவருக்கு வேலை சான்ஃபிரான்சிஸ்கோவில். இன்னொருவருக்கு ஆர்கன்ஸா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில். இரண்டு பேரும் கிழிந்த கைக்கு ஒரே மாதிரி ஆறு தையல் போடுகிறார்கள். இருவருக்கும் ஒரே சம்பளம் தருவது நியாயமா? வாடகை அதிகமுள்ள ஊர்க்காரருக்குக் கொஞ்சம் கூட்டித் தருவது நியாயமா?

அவர்கள் பார்ப்பது ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் வேலை. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. 1965-ல் அமெரிக்காவில் டாக்டர் பற்றாக்குறை வந்தபோது, டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இந்தப் படிப்பை ஆரம்பித்தார். இன்று இவர்கள் நோயாளியைப் பரிசோதிக்கிறார்கள், மருந்து எழுதுகிறார்கள், ஆபரேஷனில் கூட நிற்கிறார்கள். நம்ம ஊருக்கும் இது புதிதல்ல. சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992-லேயே இந்தப் படிப்பு தொடங்கிவிட்டது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் இவர்களுடைய நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 1,33,260 டாலர். பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. 'அடேயப்பா!' என்று ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். செலவும் டாலரில்தான்.

அங்கேதான் சிக்கல். அந்த நாட்டில் மாநிலவாரியாக விலைவாசியை அளந்து எண் போட்டு வைத்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 100 என்றால், சமீப வருஷங்களில் கலிஃபோர்னியா சுமார் 112. ஆர்கன்ஸா சுமார் 87. வித்தியாசத்தில் பெரும்பங்கு வீட்டு வாடகை. அந்த 1,33,260 டாலரை இருவர் கையிலும் கொடுத்தால், ஆர்கன்ஸாவில் அது 1,53,000 போல வேலை செய்யும். கலிஃபோர்னியாவில் 1,19,000 போலச் சுருங்கிவிடும். சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள் இன்னும் மோசம்.

'அப்படியென்றால் அவருக்குக் கூடுதலாகக் கொடுங்கப்பா, இதில் என்ன யோசனை' என்று தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் வாடகை ஏன் அதிகம்? எல்லோரும் அங்கே இருக்க ஆசைப்படுகிறார்கள். கடல், இதமான குளிர், வேலை வாய்ப்பு, நல்ல காலேஜ். வாடகை என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டுமான விலை அல்ல, ஊருக்கும் சேர்த்த விலை. ஜன்னலோர சீட்டுக்கு ஒருவர் அதிகம் கொடுத்தால், அந்தக் காசை கம்பெனி ஏன் திருப்பித் தர வேண்டும்? சரி, தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சம்பளம் ஏறி, வீடுகளின் எண்ணிக்கை மட்டும் ஏறாவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். கூடுதல் பணம் தையல் போட்டவர் கையைத் தொட்டுவிட்டு அவர் பைக்குப் போய்ச் சேரும்.

ஆனால் எல்லோரும் ஜன்னலோரத்துக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தவர்கள் இல்லை. வயதான அம்மாவை விட்டு நகர முடியாதவர் இருக்கிறார். அந்த ஊரிலும் கை கிழியும். தையல் போட அங்கேயே ஒருவர் வேண்டும். அவர் தினம் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து, ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கி வழிந்துகொண்டே திரும்ப வேண்டும் என்று நாம் சொல்ல முடியுமா?

இப்போது ஆர்கன்ஸா பக்கம் வாருங்கள். 'உங்க ஊரில்தான் செலவு கம்மியாச்சே, குறைச்சு வாங்கிக்கோங்க' என்று அவரிடம் சொல்லலாமா?

முதலில், கடனுக்கு ஊர் கிடையாது. படிப்புக்கு வாங்கிய கடனின் மாதத் தவணை எந்த ஊரில் இருந்து கட்டினாலும் அதே டாலர்தான். விமான டிக்கெட்டும் சின்ன ஊர்க்காரர் என்று இரக்கம் காட்டாது. இரண்டாவது, விலைவாசி எண் இருக்கிற பொருளின் விலையைத்தான் அளக்கும். இல்லாததின் விலையை அளக்காது. பக்கத்தில் இதய டாக்டர் இல்லை, பிள்ளைக்கு நல்ல ஸ்கூல் இல்லை, துணைக்கு ஒரு வேலை இல்லை. இவையெல்லாம் செலவு இல்லையா? எந்தப் பட்டியலிலும் வராத செலவு.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. 'உனக்குச் செலவு குறைவு, அதனால் கூலி குறைவு.' இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? பெண்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன வாக்கியம். 'குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் ஆம்பளை, உனக்கென்னம்மா செலவு' என்று சொல்லித்தான் ஒரே வேலைக்கு அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் அதைத் தடுக்க 1963-ல் ஒரு சட்டமே வேண்டியிருந்தது. இன்று அங்கே ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட்களில் பத்துக்கு ஏழு பேர் போலப் பெண்கள். செலவைப் பார்த்துக் கூலி என்று ஒப்புக்கொண்டால், கல்யாணமாகாதவருக்குக் குறைக்கலாம், சொந்த வீடு உள்ளவருக்குக் குறைக்கலாம், வெற்றிலை பாக்கு போடாதவருக்குக்கூடக் குறைக்கலாம். இதற்கு முடிவே கிடையாது.

நடைமுறை என்ன? அமெரிக்க மத்திய அரசு 1994 முதல் ஊர்வாரியாகச் சம்பளத்தைக் கூட்டித் தருகிறது. 2025-ல் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு 46 சதவிகிதத்துக்குச் சற்று மேல். தனிப் பட்டியலில் வராத ஊர்களுக்கு 17. இது விலைவாசிக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை! அதே ஊரில் வெளியே மற்றவர்கள் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் போடுகிற கணக்கு அது. 'உன் வாடகை எவ்வளவு?' என்று சந்தை கேட்பதில்லை. 'நீ போய்விட்டால் இன்னொருவர் கிடைப்பாரா?' என்றுதான் கேட்கிறது.

முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் இன்னொரு வேடிக்கை. டாக்டருக்கான கட்டணத்தில் 85 சதவிகிதம் ஃபிஸிஷியன் அசிஸ்டென்ட் செய்த வேலைக்குக் கிடைக்கும். அந்தக் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். கட்டட வாடகை, ஊழியர் சம்பளம் போன்ற செலவுகளில் ஊர் வித்தியாசம் அப்படியே சேரும். ஆனால் டாக்டரின் உழைப்புக்கான பங்கில், வித்தியாசத்தில் கால்வாசியை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது சட்டம். உழைப்பு எங்கேயும் உழைப்புதான் என்று ஒரு கட்சி, வாழ வேண்டாமா என்று இன்னொரு கட்சி. கால்வாசியில் நிற்கிறது நியாயம்.

எனக்கு நம்ம ஊர் அரசாங்க சம்பளச் சீட்டு பிடித்திருக்கிறது. மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் எந்த ஊரிலும் ஒன்று. வீட்டு வாடகைப் படி போன்றவை மாறும். 2024 ஜனவரியில் சென்னைக்கு 30 சதவிகிதம், மதுரை, கோவைக்கு 20, சின்ன ஊர்களுக்கு 10 என்று ஆனது. அளவு போதுமா என்பது வேறு சண்டை. ஆனால் உழைப்புக்கு ஒரு வரி, கூரைக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதியிருக்கிறார்களே, அந்தப் பிரிவில் ஒரு மரியாதை இருக்கிறது. 'உன் வேலை குறைந்தது அல்ல, உன் ஊர் வாடகைதான் குறைவு' என்று அந்தச் சீட்டு சொல்கிறது. ஆர்கன்ஸாக்காரருக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டும். தூரத்துக்கும் தனிமைக்கும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

என் பதில் இதுதான்: ஊரைக் காட்டிக் கூட்டலாம். ஊரைக் காட்டிக் குறைக்கக் கூடாது.

'கணக்கில் இரண்டும் ஒன்றுதானே ஸார்' என்பீர்கள். கணக்கில் ஒன்றுதான். ஆனால், உங்கள் வீட்டில் சமைக்க பஸ்ஸில் ஒரு மணி நேரம் வருகிற அம்மா அடுத்த மாதம் ஐநூறு ரூபாய் கூட்டிக் கேட்பார். 'உங்க ஏரியாவில்தான் வாடகை கம்மியாச்சே' என்று வாய் வரைக்கும் வரும். அப்போது தெரியும், இரண்டும் ஒன்றா இல்லையா என்று.