வட்டில் ஒட்டிய நீலம்

கம்பளி வட்டில் ஒட்டியிருந்த அந்த நீலத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நடந்தது சின்ன விஷயம். ஏப்ரல் சீசனுக்கு முன்பு ஒரு காலை, நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் தோட்டத்துப் பையன் ஒருவன் ஃபைபர் படகைக் கவிழ்த்துப்போட்டு, பஃபர் மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தான். கார் துலக்குவதற்கென்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண மெஷின். வட்டு சுற்றிய இடத்திலெல்லாம், வெள்ளை பூத்துக் கிடந்த உடம்பிலிருந்து பளிச்சென்று நீலம் எழுந்தது. மெஷினை நிறுத்தி வட்டைத் திருப்பினான். அதுவும் நீலமாக இருந்தது.

"இவ்வளவு அழுக்கா தம்பி?"

"அழுக்கெல்லாம் நேத்தே கழுவியாச்சு சேர். இது போட்டு."

அவ்வளவுதான். அவன் மறுபடியும் மெஷினைப் போட்டான். நான் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். ஆனால் நானுஓயா தாண்டியும் அந்தச் சொல் கூடவே வந்தது. இது போட்டு.

போட்டு என்றால் படகு. அவன் சொன்னதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஃபைபர் படகின் மேல்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். நிறம் கலந்த பிசினால் ஆன படலம் அது. தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அந்தப் பிசினை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. மேற்பரப்பில் நுண்ணிய துளைகள் விழுந்து, தொட்டால் கையில் மாவாக ஒட்டும். நுவரெலியாக் குளிரை நம்பி வெயிலைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். இந்த ஊரோ 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் அதை முழுக்கத் தடுப்பதில்லை. தேய்க்கும்போது தடவும் கொம்பவுண்ட் பசையில் இருக்கும் பொடி அந்தச் செத்த படலத்தைச் சீவியெடுக்கிறது. அடியில் இருக்கும் உயிருள்ள படலம் வெளியே தெரிகிறது. கண்ணுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பளபளப்புக்கும் படகு தன் உடம்பிலிருந்து ஒரு படலம் கொடுக்கிறது.

மலிவான மெஷினைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விலை கூடிய ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் வேகமாகச் சுழலும். பழகாத கை ஓரிடத்தில் சற்றுத் தாமதித்தாலும் சூடேறி ஜெல்கோட் கருகிவிடும்; விளிம்புகளில் அடியிலிருக்கும் நார் தெரிந்துவிடும். மலிவான மெஷின்கள் பலவற்றில் வட்டு தள்ளாடித் தள்ளாடிச் சுற்றும். கூட அழுத்தினால் திணறி நின்றுவிடும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் படகுக்குப் பெரிய காயம் நேராது. பலமில்லாத கருவி அந்தப் பலவீனத்தாலேயே பொருளைக் காக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆனாலும் வட்டு நீலமாகத்தான் இருந்தது.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். சில வருடங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு மலையாகக் கவ்வாத்துக்கு விடுவார்கள். இடுப்புயரத்தில் பச்சை விரிப்பாக இருந்த மலை, கத்தி போன பின்பு வெறும் குச்சிகளாக நிற்கும். சின்ன வயதில் அந்த மலையைக் கடந்து பள்ளிக்கூடம் போக எனக்குப் பயம். செடியெல்லாம் செத்துப்போச்சா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "வெட்டாட்டித்தான்டா சாகும்" என்றார். மழைத் தண்ணீர் தங்காமல் வழிந்தோடும்படி வெட்டைச் சாய்வாகப் போட வேண்டும் என்று காட்டியும் கொடுத்தார். கொஞ்ச நாளில் குச்சிக் கண்களிலிருந்து செந்தளிர் எட்டிப் பார்க்கும். இன்னும் சில மாதம் போனால் பெண்கள் கூடை மாட்டிக்கொண்டு அந்த மலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

கவ்வாத்து முடிந்த செடிகளில் இன்னொரு வேலையும் உண்டு. தண்டில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுப்பார்கள். பட்டைக்கு அடிபடாமல் பாசி மட்டும் வர வேண்டும். கையில் பச்சையாக வருவது செடியில்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டியது. அதில் யாருக்கும் இழப்பில்லை.

இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்ததால்தான் அந்த நீலம் என்னை இப்படிக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். நீக்குவது என்றால் ஒன்று அழுக்கை நீக்குவது, இல்லாவிட்டால் திரும்பத் துளிர்ப்பதை வெட்டுவது. எனக்குத் தெரிந்தவை இந்த இரண்டு மட்டுமே. எங்கள் சனம் பட்ட இழப்புகளைக்கூடப் பெரியவர்கள் கவ்வாத்தாகத்தான் விளக்குவார்கள். வெட்டினாலும் துளிர்ப்போம் என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் நானும் படித்தேன், படிப்பித்தேன். படகுக்கு வேர் இல்லை. அதிலிருந்து எடுத்தது எடுத்ததுதான். துளிர்க்காத ஒன்றை, அதன் மீதுள்ள அக்கறையாலேயே தேய்க்க வேண்டிவரும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

எப்போதோ படித்த ஒரு ஜப்பானியக் கட்டுரை ஞாபகம் வந்தது. ஜூனிச்சிரோ தனிசாகி 1933ஆம் ஆண்டளவில் நிழல்களைப் பற்றி எழுதியது. வெள்ளிப் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பது தன் மக்களின் ரசனை அல்ல, காலம் ஏறி மங்கிய பின்புதான் அது அழகாகிறது என்பது அதில் என் மனதில் நின்ற கருத்து. படித்த காலத்தில் அது பெரிய விடுதலையாக இருந்தது. இப்போது யோசித்தால் படகுக்கு அது உதவவில்லை. வெள்ளியின் கருமை காற்றிலுள்ள கந்தகம் பட்டுச் சேர்ந்தது. ஒன்று வந்து கூடியிருக்கிறது. ஜெல்கோட்டின் வெண்மையில் எதுவும் கூடவில்லை. வெயில் தின்றுவிட்டுப் போன மிச்சம் அது. தேய்க்காமல் விட்டாலும் படகு குறைந்துகொண்டுதான் இருக்கும். பஃபர் எடுப்பதை மெதுவாக வெயில் எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனை கடைசியில் அம்மாவிடம்தான் வந்து நின்றது. பழைய மஸ்கெலியா டவுனை அம்மாவுக்குத் தெரியும். 1960களின் இறுதியில் மவுஸ்ஸாகலை அணை எழுந்தபோது அந்த டவுன் நீர்த்தேக்கத்துக்குள் போனது. வறட்சிக் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். பார்க்கச் சனம் போகும். நான் சின்னவனாக இருந்தபோது அம்மா சொன்ன கதையில் கோயில் ஓரமாகத்தான் வரும். நடுவில் இருந்தது ஒரு புடவைக் கடைக் கடன். கடைகள் இடம் மாறிய குழப்பத்தில் அந்தக் கடனைக் கேட்க யாரும் வரவில்லை. டவுன் முழுக்க அழுத நாளில் தனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது என்று அம்மா சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

பிற்காலத்தில் கதை கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தபோது இன்னும் அதிகம் வந்தார்கள். எல்லாரும் நல்ல மனதோடு வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் சொல்லச் சொல்லக் கதை ஒளி கூடிக்கொண்டே போனது. தண்ணீருக்குள் மூழ்கும் கோயில், கரையில் கைகூப்பி நின்ற சனம். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். புடவைக் கடைக் கடன் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை நானே எடுத்துக் கொடுத்தேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார் அம்மா. பொய் சொல்லவில்லை. அவரிடம் அது உண்மையாகவே இல்லை. அம்மா இப்போது இல்லை.

கேட்டவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கேட்காவிட்டால் அந்தக் கதை லயத்து வாசலிலேயே வெளுத்து உதிர்ந்திருக்கும். கேட்டதால் நின்றது, கேட்டதாலேயே மெலிந்தது.

படகு வேலை தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொம்பவுண்ட் போட்டு முடித்த கையோடு வெக்ஸ் போட வேண்டும். நல்ல வெக்ஸில் பலவும் கார்னவ்பா என்ற பிரேசில் நாட்டுப் பனை ஒன்றிலிருந்து வருவது. வறண்ட வெயிலில் தன் ஓலை காய்ந்துவிடாமல் இருக்க அந்த மரம் சுரக்கும் மெழுகு அது. ஒரு மரம் தன்னைக் காத்துக்கொண்டது இன்னொன்றைக் காக்கப் போகிறது. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் மரவள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசுவதும் இதே வகை அக்கறைதான்: எதையும் எடுப்பதில்லை, மேலே ஒன்றைச் சேர்க்கிறது. சில மாதங்களில் மெழுகு போய்விடும், மறுபடி போட வேண்டும். அலுப்பான வேலை, பார்ப்பவர்களுக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது. ஆனால் மெழுகு தவறாமல் விழும் படகுக்குக் கொம்பவுண்ட் அரிதாகத்தான் தேவைப்படும். சீசன் வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் படகுதான் ஒவ்வொரு சீசனுக்கும் தேய்கிறது.

இது மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது. ஆண்டுவிழாவுக்கு மட்டும் பெரியவர்களைத் தேடிப் போகாமல், நடுவில் சும்மா போய் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கடன் கதையில் தங்கியிருக்குமா? தங்கியிருக்கும் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் நான் அம்மாவுடன் அதே வீட்டில் இருந்தவன். சீசனுக்கு வந்தவன் அல்ல. எனக்கு முன்னாலேயேதான் அது போனது. ஆக, மெழுகு என்று எதைச் சொல்வது? பேச்சா, பக்கத்தில் இருப்பதா, இல்லை கரடான பகுதியையும் முகம் சுளிக்காமல் கேட்கும் காதா? இதில் எனக்குத் தெளிவில்லை.

என் மகள் பாட்டியின் கதையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோயிலை எழுதினால் பாட்டி கடைசிவரை நம்பியதை எழுதியவனாவேன். கடனை எழுதினால் பாட்டியே மறுத்த ஒன்றை அவர் பெயரில் போடுபவனாவேன். இரண்டையும் எழுதலாம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன், கடனை முதலில். ஆனால் அம்மா மனதிலிருந்து போனது அம்மாவுக்கே வேண்டாத பாசியா, அம்மாவேதானா என்பதைச் சொல்ல எனக்கு அறிவு போதவில்லை. அது தெரியாமல்தான் எழுதத் தொடங்க வேண்டியிருக்கிறது.