ஒரு லீடரில் மூன்று பூச்சிகள்

ஸ்காட்லாந்து ஏரியில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுப் படகைக் காற்றின் போக்கில் விட்டுவிடுவார்கள். படகு குறுக்குவாட்டில் மிதந்து போகும். வேகம் மிஞ்சாமலிருக்க, காற்று வரும் பக்கத்தில் குடை போன்ற ஒரு துணியைத் தண்ணீரில் இறக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். காற்று போகும் திசையில் தூண்டிலை வீசுவார்கள். அதன் நுனியில் பெரும்பாலும் மூன்று பூச்சிகள் இருக்கும்.

பூச்சி என்றால் உயிருள்ளதல்ல. சிறு முள்ளின் மேல் இறகு, ரோமம், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம். ஈயக்குண்டு கட்டிய தூண்டிலில் குண்டின் எடைதான் இழையைத் தூரத்துக்கு இழுத்துப் போகிறது. இங்கே அந்த வேலையைத் தடித்த வீச்சு நூலே செய்கிறது. நூலின் முனையில் லீடர் என்னும் மெல்லிய இழை. நம் மீனவர்கள் தங்கூசி என்கிறார்களே, அந்த வகை. அது போகப்போக மெலிந்து டிப்பெட் என்ற கடைசித் துண்டில் முடியும். ஆற்றில் பலரும் எடுத்துப் போகும் ‘5எக்ஸ்’ டிப்பெட்டின் தடிமன் 0.15 மில்லிமீட்டர்தான். ஒரு பூச்சியை மட்டும் கட்டுகிறவருக்கு இத்துடன் வேலை முடிந்தது.

பிறகு ஏன் மூன்று? காரணம் டிரவுட்டின் உணவில் இருக்கிறது. மேஃப்ளை என்ற பூச்சியை எடுத்துக்கொள்வோம். வாழ்நாளில் பெரும்பகுதியை அது தண்ணீருக்கடியில் கல்லிடுக்கிலும் சேற்றிலும் இளம்பூச்சியாகக் கழிக்கிறது. காலம் வந்ததும் மேலே நீந்தி வந்து, தோலை உரித்து, இறக்கை உலரும்வரை நீர்ப்பரப்பில் மிதந்து, பறந்துவிடுகிறது. டிரவுட் ஒரு மணி நேரம் அடியில் மேயும். அடுத்த மணி நேரம் நடுநீரில் எழும் பூச்சியை மறிக்கும். பிறகு மேற்பரப்பில் வாய் திறக்கும். இப்போது எந்த மட்டத்தில் தின்கிறது என்பது படகில் இருப்பவருக்குத் தெரியாது. மூன்று பூச்சிகளும் மூன்று மட்டங்களில் போய் விசாரித்து வருகின்றன. ஒரே வீச்சில் மூன்று மீன் என்று கணக்குப் போட்டு இதைக் கட்டுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

மூன்றுக்கும் தனித்தனி இடமும் வேலையும் உண்டு. தூண்டில் கழிக்கு அருகில், மேலே இருப்பது பாப் ஃப்ளை. உடலெங்கும் இறகு சிலிர்த்த ‘சோல்ஜர் பாமர்’ போன்ற ஒன்றை அங்கே கட்டுவார்கள். இழையைச் சுருட்டி இழுத்தபின் கழியை மெல்ல உயர்த்தினால், அது அலை முகட்டில் தத்தித் தத்தி வரும். நடுப்பூச்சி மெலிந்தது, பரப்புக்குச் சற்றுக் கீழே வரும். நுனிப்பூச்சி எல்லாவற்றிலும் ஆழமாகவும், பொதுவாகக் கனமாகவும் இருக்கும். கனம் நுனியில் இருந்தால்தான் வீசும்போது லீடர் நீண்டு விழும். இல்லாவிட்டால் குவியலாக விழுந்து சிக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பாப் ஃப்ளையின் ஆட்டத்தைப் பார்த்துத் துரத்தி வரும் மீன் பல நேரம் கடைசி நொடியில் சந்தேகப்பட்டுத் திரும்பும். திரும்பும் வழியில் நடுப்பூச்சியைக் கவ்விவிடும். கூப்பிட்டது ஒன்று, பிடித்தது இன்னொன்று. அதனால்தான் தேர்ந்தவர்கள் கழியை உயர்த்தியதும் உடனே அடுத்த வீச்சுக்குப் போகாமல் இரண்டொரு நொடி அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள்.

பூச்சிகளுக்கிடையே ஒரு மீட்டரோ அதற்குச் சற்று மேலோ இடைவெளி விடுவது வழக்கம். இனி முடிச்சு. லீடரின் முனையையும் புதிய டிப்பெட் துண்டையும் ஒரு சாண் நீளத்துக்குமேல் ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர் முகமாக வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கி, லீடரின் முனையையும் டிப்பெட்டின் நீண்ட பக்கத்தையும் சேர்த்து அதற்குள் இரண்டு முறை நுழைத்தெடுங்கள். எச்சிலால் நனைத்து, நான்கு இழைகளையும் ஒன்றாக, மெதுவாக இழுங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் பலமிழக்கும். இதுதான் சர்ஜன் முடிச்சு. இப்போது இரண்டு வால்கள் மிஞ்சும்: ஒன்று கழியைப் பார்த்து, ஒன்று மீனைப் பார்த்து. கழியைப் பார்ப்பதை ஒட்ட வெட்டிவிட்டு, மீனைப் பார்ப்பதில் பூச்சியைக் கட்டுங்கள். கிளை போல் நிற்கும் இதற்கு டிராப்பர் என்று பெயர். மேல்நோக்கிய வால் சற்று விலகி நிற்கும் என்பதால் அதில் கட்ட ஆசை வரும், கட்டாதீர்கள். கீழ்நோக்கிய வால், கழியிலிருந்து வரும் இழையின் தொடர்ச்சி. கீழ்த்துண்டு முடிச்சிலேயே அறுந்தாலும் டிராப்பரில் மாட்டிய மீன் உங்களோடு இருக்கும். நீளம் 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் விட்டால் லீடரைச் சுற்றிக்கொள்ளும்.

ஓடும் ஆற்றில் முறை வேறு. மிதக்கும் பூச்சி ஒன்றைக் கட்டி, அதன் முள்வளைவிலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் டிப்பெட்டில் இளம்பூச்சி வடிவம் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். மேலே மிதப்பது தக்கையாகவும் ஆகிறது: அது சட்டென்று நின்றாலோ அமுங்கினாலோ கழியை உயர்த்த வேண்டும். ஆனால் மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். மிதப்பது முன்னால் ஓடிக் கீழே உள்ளதை இழுத்துக்கொண்டு போகும். இயல்புக்கு மாறாக விரையும் பூச்சியை டிரவுட் நம்பாது. ஆழமில்லாத நீரில்தான் இந்த ஜோடி நன்றாக உழைக்கும்.

பூச்சி கூடக்கூடச் சிக்கலும் கூடும். குறுகலான, வேகமான வீச்சை மறந்துவிட்டு அகன்ற வளைவாக, நிதானமாக வீச வேண்டும். பின்வீச்சில் இழை முழுதும் நீளும்வரை காத்திருக்க வேண்டும். காற்றில் பலமுறை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தால் முடிச்சவிழ்ப்பதிலேயே பொழுது போகும்.

மீனின் பக்கமும் ஒன்று இருக்கிறது. மேல்பூச்சியில் மாட்டிய மீன் துள்ளும்போது கீழே தொங்கும் வெற்று முள் அதன் விலாவில் குத்தலாம், பாசியில் சிக்கி மீனை அங்கேயே கட்டிப்போடலாம், வலையில் மாட்டி அதை வெளியே எடுக்கும் நேரத்தை நீட்டலாம். முள்ளின் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கிவிடுவது இதற்கு ஓரளவு பரிகாரம். அப்படி நசுக்கினால் முள்வளைவில் கட்டிய இழை நழுவிவிடக்கூடும். ஆகவே இரண்டாவது இழையை மேல்பூச்சி முள்ளின் கண்ணிலேயே, அதாவது லீடரைக் கட்டும் துளையிலேயே கட்டுங்கள்.

இங்கிலாந்தின் சுண்ணாம்பு நில ஓடைகள் சிலவற்றில் இன்றும் ஒரே ஒரு மிதக்கும் பூச்சிக்கு மட்டுமே அனுமதி. எந்தத் தண்ணீரில் எத்தனை கட்டலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மூன்று கட்ட அனுமதி இருந்தாலும், புதியவர்கள் முதல் பருவம் முழுவதும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.