எதுக்குப்பா இது?

மூன்று வருஷமாக என்னிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மனைவி கேட்டாள், தபால்காரர் கேட்டார், பக்கத்துக் கொடிக்கால்காரர் வெற்றிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். ஓய்வுபெற்று சோழவந்தானுக்கே திரும்பிவந்த ஒரு ஆள், வாசல் திண்ணையில் சால்டரிங் அயர்னும் பிரெட்போர்டுமாக உட்கார்ந்து ஒரு சின்ன விளக்கை அணைத்து அணைத்து எரியவைத்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். பயன் இல்லாத வேலையில் நேரத்தைக் கரைப்பது சரியா? வள்ளுவர் பயனில சொல்லாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். பயனில செய்யாமைக்கு ஒதுக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் நான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தலைமுறைக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். 1984-85இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. மதுரையில் நான் படித்த பள்ளிக்கும் வந்தது. 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். படம் வரைகிற சில மோடுகளுக்குப் போனால் அதிலேயே 20 கிலோபைட்டைத் திரை விழுங்கிவிடும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் நேராக பேசிக் வந்து நிற்கும். ‘என்ன செய்யணும், சொல்லு’ என்பதுபோல ஒரு அம்புக்குறி. இன்றைய போனைத் திறந்தால் அது நம்மைச் செய்யச் சொல்கிறது.

அந்த பிபிசி பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். அவரும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து அதே ஏகார்ன் கம்பெனியில் வடிவமைத்த ஏஆர்எம் சில்லு 1985இல் உயிர்பெற்றது. இப்போது என் மேஜையில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை பிக்கோவுக்குள் அந்த வம்சத்தின் இரண்டு கோர்கள் இருக்கின்றன. 264 கிலோபைட், 133 மெகாஹெர்ட்ஸ். விலை, நாலு பேர் ஓட்டலில் சாப்பிடும் காசு. பள்ளியில் முறைவைத்துத் தொட்ட பெட்டியின் பேரப்பிள்ளை சட்டைப்பையில் கிடக்கிறது.

பயன் என்ற சொல்லை எனக்கு நன்றாகவே தெரியும். முப்பது வருஷம் பயனுள்ள வேலைதான் செய்தேன். ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதிய சம்பளப் பட்டியல் நிரல் பிரமாதமாக ஓடியது. அந்தப் பிரிவில் இருந்த குமாஸ்தாக்களுக்கு அதன்பின் அங்கே வேலை இல்லை. யாருக்குப் பயன் என்பதைச் சம்பளம் கொடுப்பவர் முடிவு செய்கிறார். பயன் இருந்தால் வேலை சுத்தமாகிவிடும் என்று அதற்குப் பிறகு யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனாலும் எதிர்த்தரப்பு லேசானதில்லை. காலையில் வெற்றிலை கிள்ளப் போகிற பெண்ணால் ‘சும்மா ஒரு ஆர்வத்துல’ எதையும் செய்ய முடியாது. என் ஓய்வூதியமும் மின்விசிறியும்தான் என் ஆர்வத்தைத் தாங்குகின்றன. இதற்கு என்னிடம் பதில் கிடையாது. அவளுக்கும் அந்த நேரம் கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குக் கிடைத்ததை நான் தூக்கிப்போடுவதால் அது அவளுக்குப் போய்ச் சேராது என்பதும் தெரிகிறது.

என் மருமகன் பெங்களூரில் இருக்கிறான். “மாமா, ஏஐகிட்ட கேட்டா பத்து செகண்ட்ல கோட் குடுத்துரும்” என்றான். கொடுத்தது, ஒழுங்காகவும் இருந்தது. அதை அழித்துவிட்டு நானே எழுதினேன், மூன்று நாள் ஆனது. குறுக்கெழுத்துக்கு விடை பின்பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு பென்சிலை எடுப்பதில்லையா, அதுபோலத்தான். வேண்டியது விடை இல்லை.

எழுதியது என்ன என்றால், மண்ணின் ஈரம் பார்க்கும் கருவிக்கான நிரல். மண்ணில் குத்திய உணரி ஒரு எண்ணைத் தரும்; ஈரம் கூடினால் எண் குறையும். எந்த எண் கொடிக்காலுக்குச் சரி? அதை எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை, கொடிக்கால்காரரைக் கூப்பிட்டேன். அவர் அகத்தி மரத்தடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். “இது பத்தாது.” மறுநாள் தண்ணீர் பாய்ந்தபின் மறுபடி உருட்டினார். “இது மிஞ்சிப் போச்சு, வேர் அழுகும்.” இப்படி இரண்டு வாரம். அவர் “இதான், இப்படித்தான் இருக்கணும்” என்றபோது திரையில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன். கருவிக்கு அறிவு வந்தது அவர் உள்ளங்கையிலிருந்து. அவருக்கு அந்தக் கருவி தேவையே இல்லை. இருந்தாலும் எண் மாறுவதைப் பார்க்க சாயங்காலம் வந்துவிடுவார். “அட, நான் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிருச்சே” என்று ஒருநாள் அசந்துபோனார். அவருக்கும் அது பயனுக்காக அல்ல.

இதை மருமகனிடம் சொன்னதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சோழவந்தான் வெற்றிலைக்கு புவிசார் குறியீடுகூட இருக்கிறது, அந்தப் பெயரைப் போட்டு ஒரு புராடக்டாக்கி விற்கலாம் என்றான். அந்த எண்ணில் கொடிக்கால்காரருக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டேன்.

“அது வெறும் டேட்டா மாமா.”

அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. பொங்கலுக்கு வருகிறான். அவரையும் திண்ணைக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.