தோற்ற சொல்லும் தோலா அறமும்

மதுரையிலிருந்து மேற்கே தேனி செல்லும் சாலையில் சம்மட்டிபுரத்தைக் கடக்கும் போதெல்லாம், கான் சாகிப் யூசுப் கான் அடங்கியிருக்கும் திசையை நோக்கி நம் கண்கள் தாமே திரும்பும். அதனையும் கடந்து சென்றால் சமணர் மலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி நம்மை வரவேற்கும். தாமரை பூத்த தடாகம், அதன் கரையில் ஆலமரம், பின்னே கற்குன்று. எந்தக் காலத்து மக்களோ வெட்டி வைத்த நீர். இன்றும் அதன் கரையில் காற்று குளிர்ந்தே வீசுகிறது.

அவ்வூரில் குடியிருக்கும் பழைய மாணவர் ஒருவரைக் காண அண்மையில் சென்றிருந்தோம். அஸர் தொழுகைக்குப் பின் இருவரும் தடாகக் கரையில் அமர்ந்திருந்தபோது அவர் திடீரெனக் கேட்டார்: "ஹஜ்ரத், அத்தாவின் கடன் கணக்கைத் தீர்த்த அன்று நீங்களும் அந்த மஜ்லிஸில் இருந்தீர்கள் அல்லவா?"

இருந்தோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில் நடந்தது அது. அவருடைய தந்தையார் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு மறைந்தார். வாரிசுகளுக்குப் பங்கிடும் முன் கடனைத் தீர்த்தாக வேண்டும் என்பது ஷரீஅத்தின் விதி. கடன்காரர்கள் சீட்டுகளுடன் வந்தனர். அவற்றுள் ஒரு சீட்டின் மீது நமக்கு ஐயம் இருந்தது. ஆயினும் ஊர்ப் பெரியவர்கள் எல்லாச் சீட்டுகளையும் ஏற்பதென முன்னரே முடிவு செய்துவிட்டனர். நாம் இளைஞர், ஊருக்குப் புதியவர். பேசினாலும் பயன் இல்லை என்று எண்ணி வாய் திறவாதிருந்தோம். பிள்ளைகளின் நிலம் விலையாயிற்று.

"நாம் பேசியிருந்தாலும் நிலம் நின்றிருக்காது, தம்பி" என்றோம்.

"நின்றிருக்காதுதான் ஹஜ்ரத். ஆனால் எங்களுக்காக ஒருவர் கேட்டார் என்று அம்மா தம் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்" என்றார் அவர்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. முடிவு முன்னரே உறுதியாகிவிட்ட அவையில் உண்மையைப் பேசுவது வீண் செயலா, கடமையா? வீடு திரும்பிய பின்னும் இவ்வினா நம்மை விடவில்லை. இதே மதுரைச் சீமையைத் தொட்ட ஒரு பழைய வழக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதுவும் கடன் சீட்டுகளைப் பற்றியதே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சீமை ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆளுகையில் இருந்தது. மதுரையை ஆண்டு, குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்ட யூசுப் கானை 1764ஆம் ஆண்டு அக்டோபரில் தூக்கிலிட்டது இந்நவாபின் ஆட்சியே. போர்ச் செலவுக்கும் ஆடம்பரத்துக்குமாக, சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடமே நவாப் கடன் வாங்கினார். வட்டி, நூற்றுக்கு முப்பதுக்கும் மேல் சென்ற காலமும் உண்டு. கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். வரி வாங்கும் உரிமை கடன் கொடுத்தவர் கைக்குச் சென்றது. உழவனின் களத்து நெல் வட்டியாக மாறியது. வட்டியை ஹராம் என்றறிந்த ஒரு முஸ்லிம் அரசர் தம் குடிகளை அந்தப் படுகுழியில் தள்ளினார் என்பதை நாம் மறைத்தல் தகாது.

1767லும் 1777லும் இக்கடன்கள் தொகுத்துக் கணக்கிடப்பட்டன. அவற்றுள் மெய்க்கடன் எவ்வளவு, பொய்ச்சீட்டு எவ்வளவு என்பதை ஆராய வேண்டும் என 1784ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமே கூறிற்று. ஆயினும், கம்பெனியை மேற்பார்க்க அச்சட்டத்தால் அமைந்த கட்டுப்பாட்டு வாரியம், விசாரணையின்றியே எல்லாக் கடன்களையும் ஏற்குமாறு ஆணையிட்டது. கருநாடக வருவாயிலிருந்து ஆண்டுதோறும் 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், அதற்கென ஒதுக்கப்பட்டது. கடன்காரர்களுள் முதல்வரான பால் பென்ஃபீல்டு என்பவர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் தாமும் ஓர் இடத்தைப் பெற்றிருந்தார்.

1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், அந்த ஆணை பற்றிய ஆவணங்களை அவையில் வைக்க வேண்டுமென்ற தீர்மானத்தை சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கொண்டு வந்தார். அதனை ஆதரித்து நெடும்பேச்சு நிகழ்த்தியவர் மால்டன் தொகுதியின் உறுப்பினர் எட்மண்ட் பர்க். அவர் இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை. கருநாடகத்து உழவர் ஒருவருக்கும் அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. அன்று ஆளுங்கட்சிக்கு இருந்த பலத்தை அறிந்த எவரும் அத்தீர்மானம் வெல்லும் என நம்பியிருக்க முடியாது.

அப்பேச்சின் சாரம் எளிது. கடன் என்று சொல்பவன் அதனை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் முன் ஏழையின் பொருளைத் தொடலாகாது. வழக்குரைப்பவன் மீதே சான்று காட்டும் பொறுப்பு என்று நம் மதரஸாக்களில் பிக்ஹுப் பாடத்தில் ஓதுகிறோமே, அதுவேதான்! அதனோடு அவர் நிற்கவில்லை. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழ்பட்ட இந்நாட்டை அவைக்கு எடுத்துக் காட்டினார். பின்னர், நாம் வியக்கும் வண்ணம், ஏரிகளைப் பற்றிப் பேசினார். கருநாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத நீர்நிலைகள் உண்டு என்றும், சென்னையை அடுத்த கம்பெனியின் ஜாகீரில் மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டவை உண்டு என்றும் கணக்குச் சொன்னார். அவற்றை வெட்டியவர்கள் தம் ஆயுளுக்கு அப்பாலும் மக்களுக்கு நன்மை செய்ய விழைந்த மெய்யான அரசர்கள் என்று போற்றினார். நாம் ஸதகத்துல் ஜாரியா என்கிறோமே, அந்த நிலையான தருமத்தின் பொருளை அவர் உணர்ந்திருந்தார் போலும். ஏரியைச் செப்பனிடப் பணம் விடாமல் வருவாயை எல்லாம் கடனுக்கு வழித்தெடுத்தால் நாடு எப்படிப் பிழைக்கும் என்பது அவர் வினா.

விளைவு என்ன? தீர்மானம் தோற்றது. அப்பேச்சுக்கு மறுமொழி கூறவும் வேண்டுவதில்லை எனப் பிரதமர் பிட்டின் தரப்பினர் கருதினர் என்று ஒரு செய்தி வழங்குகிறது. கடன்கள் விசாரணையின்றியே தீர்க்கப்பட்டன. 1801இல் கருநாடகமே கம்பெனியின் கைக்குப் போயிற்று.

ஆயினும் வழக்கு அங்கே முடியவில்லை. அதற்குப் பின் குவிந்த நவாபின் புதுக் கடன்களை ஆராய 1805ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். பல்லாண்டு காலம் சீட்டுச் சீட்டாக அவர்கள் ஆய்ந்தனர். மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகளில், உண்மையென அவர்கள் ஒப்பியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே! பர்க் வேண்டிய விசாரணை, பர்க் மறைந்த பின்னர், வேறு சீட்டுகளின் மீது நடந்தது. நடந்தபோது, முன்பும் அது ஏன் வேண்டியிருந்தது என்பதை உலகம் கண்டுகொண்டது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். பர்க் தூய உள்ளத்தோடு பேசினாரா? அவர் எதிர்க்கட்சிக்காரர், பிட்டைத் தாக்குவது அவர் கட்சிக்கு ஆதாயம். அவருடைய உறவினராக வாழ்ந்த வில்லியம் பர்க், நவாபுக்குப் பகைவரான தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர். மேலும், ஆங்கிலேயர் இந்நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்று பர்க் கேட்கவும் இல்லை. இவை யாவும் மெய்யே.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்று போதிக்கப்பட்டவர்கள் நாம். ஆனால் அந்த மதிப்பீடு அல்லாஹ்வின் அவைக்குரியது. சான்று கேள் என்ற சொல், சொன்னவரின் எண்ணத்தில் கலப்பு இருந்ததால் பொய்யாகிவிடாது. நம் எண்ணம் முற்றிலும் தூய்மையாகட்டும், பிறகு பேசுவோம் என்று காத்திருந்தால் உலகில் நீதிக்குக் குரலே எழாது. அன்று அந்த மஜ்லிஸில் நம் மௌனத்துக்கும் இத்தகைய சாக்குகள் பல கிடைத்தன. சாக்குக்குப் பஞ்சமேது?

ஸப்து நாளில் வரம்பு மீறி மீன் பிடித்தோரைப் பற்றித் திருக்குர்ஆன் கூறும் வரலாற்றை அறியாதார் இலர். அவர்களுக்கு நல்லுரை கூறியோரைப் பார்த்து, அழியப் போகும் கூட்டத்துக்கு ஏன் உபதேசம் என்று சிலர் கேட்டனர். அறிவுறுத்தியோர் தந்த விடையில் இரு காரணங்கள் இருந்தன. ஒன்று, இறைவன் முன் தம் பொறுப்பு நீங்க வேண்டும். மற்றொன்று, கேட்போர் ஒருகால் திருந்தவும் கூடும். வெற்றி அங்கே நிபந்தனையாக வைக்கப்படவில்லை என்பதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, தொன்மையே அளவுகோலாயின் இம்மண்ணின் பழம்பெரும் மொழியான தமிழுக்கே அத்தகுதி உண்டு என்று எடுத்துரைத்தார் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப். சபை வேறு முடிவெடுத்தது. வாக்கெண்ணிக்கையில் அது தோற்ற சொல்தான். ஆனால் 1972இல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், சமய வேறுபாடின்றித் தமிழ் மக்கள் அச்சொல்லை நினைவுகூர்கின்றனர். தமக்காக ஒருவர் கேட்டார் என்ற நினைவு ஒரு சமுதாயத்துக்கு எத்துணைப் பெரிய செல்வம்!

அவை என்றால் பாராளுமன்றம் மட்டுமா? ஜமாஅத்துக் கூட்டம் அவைதான்; சொத்துப் பங்கிடும் வீட்டுத் திண்ணையும் அவைதான். அங்கே வர இயலாதவர்கள் உண்டு: அநாதை, விதவை, இன்னும் பிறவாத தலைமுறை. அவர்களுக்காகப் பேசும் வாய்ப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை வெற்றி உறுதியான இடத்தில் மட்டும் செலவழிப்பவர் அமானிதத்தைக் காத்தவர் ஆகார்.

மக்ரிபு நெருங்கிற்று. அந்தத் தடாகத்திலேயே ஒளுச் செய்தோம். வெட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது. நீர் மட்டும் எஞ்சியிருந்தது. "தம்பி, அன்று நாம் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அது நம் பிழை. பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் ஒன்றும் கூறாமல், தொழுகைக்கு விரிப்பை எடுத்து விரித்தார். நாம் முன்னே நிற்க வேண்டும் என்று கையால் காட்டினார்.

இருபத்தைந்து ஆண்டுகள் காலந்தாழ்ந்த சொல் அது. இனியேனும் உரிய நேரத்தில் பேசும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.