எஞ்சின் மாறிய கார் அதே காரா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து அதற்கென்று வந்த எஞ்சினை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்தலாமா என்பது கார் ஆர்வலர்களிடையே தீராத வழக்கு. ஒரு தரப்பு வேகத்தைப் பேசும்; மறுதரப்பு அசலைப் பேசும். இரண்டுக்கும் அடியில் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: பகுதிகள் மாற மாற, ஒரு பொருள் எதுவரை அதே பொருளாக நீடிக்கிறது? அதை ஒட்டி அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு கேள்வியும் உண்டு: அதே பொருளாக நீடித்தால் மட்டும் போதுமா?

இரண்டையும் சோதித்துப் பார்க்க ஏற்றது பிரிட்டனின் எம்.ஜி.பி. கார். ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காருக்கு 1,798 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின். திறன் சுமார் 95 குதிரைத்திறன். 1967இல் நிறுவனமே அதே உடலில் 2,912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து எம்.ஜி.சி. என்ற பெயரில் விற்றது. புதிய எஞ்சின் பழையதைவிடச் சுமார் 95 கிலோ கனம். அதற்காக முன்பக்க சஸ்பென்ஷனை மாற்ற வேண்டியிருந்தது. பானெட்டிலும் புடைப்பு வைக்க வேண்டியிருந்தது. முன்பாரம் மிகுந்து, வளைவுகளில் பழைய லாவகம் போய்விட்டது என்ற குறை எழுந்தது. 1969இல் தயாரிப்பு நின்றது.

அடுத்த முயற்சி ஆலைக்கு வெளியே நடந்தது. 1970களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ என்பவர் எம்.ஜி.பி. கார்களில் ரோவரின் 3,528 சிசி வி8 எஞ்சினைப் பொருத்தி விற்றார். அமெரிக்காவின் பியூயிக்கிடமிருந்து ரோவர் வாங்கிய வடிவமைப்பு அது. அலுமினிய வார்ப்பு என்பதால், எட்டு சிலிண்டர்கள் இருந்தும், பழைய இரும்பு எஞ்சினின் எடையை ஒட்டியே இருந்தது. 1973இல் நிறுவனமும் அதே வழிக்கு வந்தது. 137 குதிரைத்திறன் கொண்ட எம்.ஜி.பி. ஜி.டி. வி8 கார்கள் 1976 வரை 2,591 தயாராயின. இன்று ஒருவர் நான்கு சிலிண்டர் எம்.ஜி.பி. ஒன்றில் ரோவர் வி8 எஞ்சினைப் பொருத்தினால், உலோகக் கணக்கில் அது ஆலையின் வி8 காருக்கு மிக அருகில் வந்துவிடும். ஆனாலும் ஆர்வலர்கள் இரண்டையும் ஒன்றாக மதிப்பதில்லை. அந்த வேறுபாடு உலோகத்தில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கிறது?

மேலைத் தத்துவம் இதைக் கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலில் தொடங்குகிறது. ஏதென்ஸ் நகரத்தார் அந்தக் கப்பலைப் பாதுகாத்து வந்ததையும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியதையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு பிரிவாக வாதிட்டதையும் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு சிக்கலைச் சேர்த்தார்: கழற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் ஒருவர் இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? கார் உலகில் இது கற்பனை அல்ல. எம்.ஜி.பி.யின் உடற்கூடு 1988 முதல் பிரிட்டனில் புதிதாகவே கிடைக்கிறது. பழைய காரின் உறுப்புகளையெல்லாம் புதிய கூட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய கூட்டில் வேறு உறுப்புகளைப் பொருத்தினால், ஒரே வரலாற்றுக்கு இரண்டு கார்கள் உரிமை கோரும்.

அரிஸ்டாட்டில் ஒரு பொருளை விளக்க மூலப்பொருள், வடிவம், ஆக்குபவர், பயன் என்று நான்கு காரணங்களைக் கேட்கச் சொன்னார். பயனை அளவுகோலாகக் கொண்டால் வழக்கு எதிர்பாராத திசையில் திரும்பும். இலகுவாகத் திரும்பி ஓடுவதே சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பயன் என்றால், ஆலையே தயாரித்த எம்.ஜி.சி., வெளியார் மாற்றியமைத்த வி8 காரைவிட மூலக் காரின் இயல்பிலிருந்து விலகி நிற்கிறது. ஆக்குபவரை அளவுகோலாகக் கொண்டால் தீர்ப்பு நேர்மாறாகும்.

இந்திய மரபில் இந்த விவாதம் தொடக்கத்திலேயே வாகனத்தின் மேல்தான் நடந்தது. பாலி மொழி நூலான மிலிந்த பஞ்ஹாவில் பிக்கு நாகசேனர் மிலிந்த மன்னரிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேரல்ல, இவற்றுக்கு வெளியிலும் தேர் என்று ஒன்று இல்லை, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பது முடிவு. இதன்படி, உறுப்புகளுக்குப் பின்னால் ‘உண்மையான’ எம்.ஜி.பி. ஒன்றைத் தேடுவது வீண். எந்தச் சேர்க்கையை அப்பெயரால் அழைப்பது என்பது வழக்கத்தைப் பொறுத்தது. நியாய வைசேஷிகர் இதை மறுத்தனர். அவயவங்களில் தங்கியிருந்தாலும் அவயவி என்னும் முழுமை அவற்றிலிருந்து வேறானது, மெய்யானது என்பது அவர்கள் கொள்கை. ஆனால் ஓர் அவயவம் நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றும் என்றும் அவர்கள் சொன்னதால், கண்டிப்பாகப் பார்த்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாலே பழைய கார் போய்விடும். சமணம் இடைவழி காட்டியது. தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் சேர்ந்ததே இருப்பு என்கிறது உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம். திரவியம் என்னும் அடிப்பொருள் நிலைக்கிறது, பரியாயங்கள் என்னும் அதன் நிலைகள் மாறுகின்றன. எந்த நிலையிலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமல் ‘அதே’ என்றோ ‘வேறு’ என்றோ சொல்வது அரைகுறைக் கூற்று.

எஞ்சினே காரின் உயிர், அது போனால் எல்லாம் போயிற்று என்பாரும் உண்டு. பூரி ஜகந்நாதர் கோயிலின் நவகளேபரச் சடங்கு இந்த எண்ணத்துக்கு நெருக்கமானது. 1996இலும் 2015இலும் நடந்ததுபோல, அதிக ஆடி மாதம் வரும் குறிப்பிட்ட ஆண்டுகளில் மரத் திருமேனிகள் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழையவற்றின் உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தம் மறைவாகப் புதியவற்றுக்கு மாற்றப்படுகிறது. உடல் புதிது, தெய்வம் அதுவே. அங்கே எது உள்ளீடு என்பதை மரபு ஐயமின்றி வரையறுத்திருக்கிறது. காருக்கு அப்படி வரையறுக்கும் மரபு இல்லாததால் அந்த வேலை சட்டத்தின் தலையில் விழுந்தது.

சட்டங்களும் ஒருமித்துப் பேசவில்லை. பிரிட்டனில் மாற்றியமைத்த வாகனம் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்கப் பல ஆண்டுகள் ஒரு புள்ளிமுறை இருந்தது. 8 புள்ளிகள் தேவை. சேஸிஸ் அல்லது உடற்கூட்டுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில்கள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. இந்தியாவில் 2021இல் வந்த விதிகளோ, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனம் ‘விண்டேஜ்’ பதிவு பெற வேண்டுமானால் சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இருக்கக் கூடாது என்கின்றன. முன்னது சாலையில் ஓடும் வாகனத்தின் அடையாளத்தைக் கேட்கிறது. பின்னது காலத்தின் சான்றைக் கேட்கிறது.

நீதிமன்றம் இதைத் தொட்ட புகழ்பெற்ற வழக்கு பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் பந்தயக் காரான ‘ஓல்டு நம்பர் ஒன்’ பற்றியது. 1929, 1930 இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற கார் அது. 1932இல் அதில் 8 லிட்டர் எஞ்சின் ஏற்றப்பட்டது; அவ்வாண்டு புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் உயிரிழந்தார்; கார் பின்னர் வேறு உடலோடு மறுபடி கட்டப்பட்டது. 1990இல் அதன் விற்பனை லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, லெ மானில் ஓடிய உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. ஆயினும் இடையறாத வரலாற்றால் அது அந்தக் காரே என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எஞ்சினை மாற்றுவதால் காரின் அடையாளம் அழிவதில்லை. தொடர்ச்சி அதைக் காப்பாற்றிவிடுகிறது. குறைவது சாட்சியம். பழைய எஞ்சினின் வார்ப்பும், அதில் பொறித்த எண்ணும், தேய்மானமும் குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட விலைக்குள், ஓர் ஆலையால் என்ன செய்ய முடிந்தது என்பதற்குச் சான்று. ஆலையின் வி8 கார் 1973இல் எடுத்த முடிவுக்குச் சாட்சி. இன்று மாற்றிய கார் இன்றைய உரிமையாளரின் விருப்பத்துக்குச் சாட்சி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது என்று முன்பு எழுந்த கேள்விக்கு விடை இதுதான். காலம் கடந்தால் மாற்றமும் சாட்சியமாகும் என்பதற்குக் காஸ்டெல்லோவின் கார்களே உதாரணம்: அவற்றிலிருந்து வி8 எஞ்சினைக் கழற்றி ‘அசலை’ மீட்பது வரலாற்றை அழிப்பதாகும். பழம்பெரும் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு, 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை ஒட்டி, 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் வாகனம் இயல்பான பயன்பாட்டில் இருந்த காலத்து மாற்றங்களை அதன் வரலாறாகவே கொள்கிறது. பிற்கால மாற்றங்கள் குறைவாகவும், திரும்பப் பெறத்தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் போக்கு.

எனவே பெரிய எஞ்சின் கூடுமா என்பது இறுதியில் கடமை பற்றிய கேள்வி. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்.ஜி.பி.யில் ஒன்றை மாற்றுவதும், ஒற்றைச் சான்றாக எஞ்சிய பந்தயக் காரை மாற்றுவதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. கூட்டை வெட்டாமல் பொருத்தி, மூல எஞ்சினைக் காரோடு காத்து, கூடிய வேகத்துக்கேற்ப பிரேக்கையும் வலுப்படுத்தி, செய்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொன்னால், பெரிய எஞ்சினை விரும்புபவர் பிழை செய்தவராகார். எண்ணை அழித்துப் பொய் எண் பொறிப்பவரோ, அசல் எஞ்சினையே வைத்திருந்தாலும், சாட்சியத்தைக் கெடுத்தவரே.