காலம் யாருக்குத் தீர்ந்தது?

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்க் கரையில் வள்ளமேறியோர் கற்பிட்டியில் இறங்கினர். எமது மதுரங்குளி வட்டாரத்திலும் பலர் கொட்டில் அமைத்து வாழலாயினர்.

அவர்கள் விட்டுவந்த காணிகளின் மீது ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டவர் அதற்கு உரித்தாளியாகலாம். சிறுவருக்கும், சித்தம் பேதலித்தவருக்கும், கடல் கடந்து வாழ்வோருக்கும் அச்சட்டம் விலக்களித்தது. மன்னாரிலிருந்து வந்தவரோ கடல்வழி வந்தும் கடல் கடந்தவரல்லர், தீவுக்குள்ளேயே இருந்தார். எனவே விலக்குக்கு வெளியே நின்றார்.

கால எல்லை வேண்டாம் என்பதன்று நமது வாதம். சாட்சிகள் மாய்வர், உறுதிகள் அழியும். அக்காணியில் இன்று குடியிருப்பது பிறிதோர் ஏழைக் குடும்பமாகவும் இருக்கலாம். எந்த வழக்கும் என்றோ ஒருநாள் முடிவுறவேண்டும். ஆனால் இவ்விதியின் அறம் ஓர் அனுமானத்தின்மீது நிற்கிறது: வாய்ப்பிருந்தும் வாளாவிருந்தவன் தன் உரிமையைக் கைவிட்டான் என்பதே அது. வாயைப் பொத்திவிட்டு, மௌனம் சம்மதம் எனல் நீதியாகுமா?

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இவ்வினாவுக்கு ஒரு விடை தந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றை நாட இயலாதிருந்தோருக்கு அது விலக்களித்தது. எனினும் இரண்டாண்டுக்குள் வழக்கிடவேண்டும் என நிபந்தனை விதித்தது. கதவு திறந்தது, மீண்டும் ஒரு கடிகாரமும் மாட்டப்பட்டது. கால் நூற்றாண்டு அகதியாய் வாழ்ந்தவர் உறுதி தேடவும், வழக்கறிஞரை அமர்த்தப் பணம் திரட்டவும் அது போதுமா என எவர் கேட்டார்?

இங்கிலாந்தில், உடற்காயம் பற்றிய வழக்குகளில், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீதிபதிக்குத் தற்றுணிபு அளிக்கிறது. தாமதத்தின் காரணம் என்ன, அதனால் சாட்சியம் எவ்வளவு சிதைந்தது என்பவற்றை அவர் நிறுத்துப் பார்க்கவேண்டும். காணி வழக்குக்கும் அத்தகைய அதிகாரம் ஏன் கூடாது?

தற்றுணிபு தன்னிச்சையாகும், வசதியுள்ளவனே அதனால் பயன்பெறுவான் என்பர். அஞ்சவேண்டியதே. ஆதலின் அளவுகோல்கள் சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். வறியோருக்கு இலவச சட்ட உதவி வேண்டும். நல்லெண்ணத்துடன் குடியிருப்பவருக்கு நட்டஈடோ மாற்றுக் காணியோ வேண்டும். இவை இன்றேல் ஓர் ஏழையை எழுப்பி மற்றோர் ஏழையை அமர்த்துவதாகவே நீதி முடியும்.

உறங்கியவனுக்குச் சட்டம் துணை நிற்கவேண்டியதில்லை. விரட்டப்பட்டவனை உறங்கியவன் எனச் சொல்ல மட்டும் அதற்கு உரிமையில்லை.