கனியும் வினையும்



காய் கனியாவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வினை பயனாவதைக் கண்ணால் காண்பதில்லை. காணாத பொருளைக் கண்ட பொருளால் விளக்குவது நம் ஆசாரியர்களின் வழக்கம். அவ்வழி நின்று, வீட்டுத் தோட்டத்து மாங்கனி ஒன்றைக் கொண்டு, ‘உதிர்ப்பு’ என்னும் நிர்ஜரை தத்துவத்தைச் சிந்திப்போம்.

கொற்கை முதல் தூத்துக்குடி வரை நீளும் கடற்கரை முத்தால் பெயர் பெற்றது. அம்முத்து எவ்வாறு கிடைத்தது? கடலடிப் பார்களில் பல ஆண்டுகள் வளர்ந்த சிப்பிகளை மூழ்கி எடுத்து, கரையிலே குவித்து, உள்ளிருந்த உயிர் மாண்டு ஊன் அழுகிய பின்னரே கழுவித் தேடினர். 1961-ஆம் ஆண்டோடு அங்குப் பெரிய முத்துக்குளிப்பு ஓய்ந்தது. அக்கரையை அடுத்த வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரமோ, தான் மாயாமலே ஆண்டுதோறும் கனி தருகிறது. சிப்பியின் இறப்பில் முத்து வந்தது. மரத்தின் வாழ்வில் கனி வருகிறது. கொல்லாமையை உயிரெனக் கொண்ட நமக்கு இவ்விரண்டில் எது செல்வம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலை நிற்கிறது. பாண்டியர் காலத்தில், கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி, அதன் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டன. அவற்றைச் செய்வித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் பெயர்களை வட்டெழுத்துகள் இன்றும் காட்டுகின்றன. அங்கே அம்பிகை இயக்கியின் வடிவமும் உண்டு. நேமிநாதர் திருவடிக்கு உரியவளும், தருமதேவி என நம் இல்லங்களில் போற்றப்படுபவளுமான அவளுக்கு நூல்கள் கூறும் அடையாளம் மாங்கொத்து. கனி நம் சமயத்துக்குப் புதிய உவமை அன்று.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்துக்குச் ‘சர்வார்த்தசித்தி’ என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், வினை உதிரும் வகை இரண்டு என்கிறார். காலம் வந்ததும் வினை தானே முதிர்ந்து, பயன் தந்து உதிர்வது ஒன்று. காலம் வருமுன் தவத்தால் முதிர்வித்து உதிர்ப்பது மற்றொன்று. இவ்விரண்டாவதற்கு அவர் காட்டும் உவமை, மா, பலா முதலியவற்றை முயற்சியால் பழுக்க வைத்தலாகும். அவருடைய மாணாக்கர் வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் எனத் தேவசேனரின் ‘தரிசனசாரம்’ கூறுகிறது. ஆதலின் இவ்வுவமை பாண்டி நாட்டுக்கு உறவுடையது.

முதல் வகை உதிர்ப்பு எல்லா உயிர்க்கும் நிகழ்வது. ஆயினும் துன்பம் வரும்போது பிறரைச் சினக்கிறோம். இன்பம் வரும்போது செருக்குகிறோம். பழைய வினை ஒன்று உதிரும் அப்பொழுதே புதிய வினை பல வந்து கட்டுகின்றன. இதனால் வீடு கிட்டாது. இரண்டாம் வகையே சாதகமாவது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இக்காலத்தில் கால்சியம் கார்பைடு கல்லை வைத்தும் காயைப் பழுக்க வைக்கிறார்களே, அதுவும் முயற்சிதானே? தவமும் அவ்வாறு வலிந்து செய்யும் செயல்தானா?

அன்று. வீட்டில் நம் முன்னோர் செய்த முறையை நினைத்துப் பாருங்கள். மரத்திலே நன்கு முற்றிய காயை மட்டும் பறித்து, வைக்கோலில் பொதிந்து, பானையில் இட்டு மூடி வைத்தார்கள். அங்கே வெளியிலிருந்து நஞ்சு எதுவும் சேரவில்லை. முற்றிய மாங்காய் தானே எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது; மூடிய பானை அதைச் சிதறாமல் காக்க, மாவுப்பொருள் சர்க்கரையாகிக் காய் கனிகிறது. முற்றாத பிஞ்சைப் பொதிந்தால் அது கனியாது. வெம்பி வாடும் அல்லது அழுகும். பானையை மூடுதல் ‘செறிப்பு’. உள்ளே கனிதல் ‘உதிர்ப்பு’. முற்றியிருத்தல் நற்காட்சியும் நல்ஞானமும். புலன்களின் வாயில்களைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டினி மட்டும் கிடப்பது, மூடாத பானையில் காயை இடுவது போன்றது.

கார்பைடோ ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை உமிழ்ந்து தோலை மஞ்சளாக்கும். உள்ளே புளிப்பு மாறாது. வணிகக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சமும் இருப்பதால், பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. தசலட்சணப் பருவத்தில் பத்து நாள் உண்ணாநோன்பு நோற்று, ஊரார் புகழ்ச்சியை எதிர்நோக்கி, வீட்டாரிடம் சினந்து விழுபவர் நோன்பு இத்தகையதே. நிறம் கனி, சுவை காய். உண்ணாமை புறத்தவங்களுள் ஒன்றே. பிழைக்கு இரங்கல், பணிவு, தொண்டு, நூலோதல், பற்று விடல், தியானம் என்னும் அகத்தவங்கள் ஆறும் உடனிருந்தால்தான் அது கனியும்.

ஆற்றலறிந்து நோற்பதும் வேண்டும். கொடைக்கானல், நீலகிரி மலைகளில் பீச் மரம் காய்க்கிறது. குளிர்காலத்தில் போதிய குளிர் பெற்றாலன்றி அதன் மொட்டு விழிப்பதில்லை. அதைத் தூத்துக்குடி மணலில் நட்டுவிட்டுக் காய்க்கவில்லையே என வருந்துவது பேதைமை. அங்கே சப்போட்டாவும் கொய்யாவும் நடலாம். அதுபோல மாவிரதம் துறவியர்க்கு, அணுவிரதம் நமக்கு. நிலைக்கேற்ற நோன்பைப் பிறழாது காப்பவரைச் சிறியவர் என்று எவரும் எண்ணற்க.

இல்லந்தோறும் ஒரு கனிமரமேனும் வளர்ப்போம். பூச்சிக்கு நஞ்சு தெளிக்காமல், பிஞ்சிலேயே துணிப்பை கட்டிக் காப்போம். பறவைக்கும் அணிலுக்கும் ஒரு கிளையை விட்டுவைப்போம். கனியை அரிந்து, உள்ளே உயிர் இல்லை எனக் கண்டு, கதிரவன் மறையுமுன் உண்போம். சிறுவரைப் பானையருகே அமர்த்தி, “இன்று கனிந்ததா?” என அவர்கள் நாள்தோறும் கேட்கும்போது, பொறுமையையும் உடன் கற்பிப்போம்.

கனிந்த கனி காம்பை விட்டு நீங்கும்போது மரமும் நோவதில்லை, கனியும் நோவதில்லை. பற்று முதிர்ந்து கழன்ற உயிரும் வினையை அவ்வாறே விட்டு நீங்கும். அந்நிலை நம் அனைவர்க்கும் வாய்க்க அருகன் அறம் துணை நிற்பதாக.